ஆவியும் அமைதியும்

உலை கொதிக்குங்கால் மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவி வெளிப்படுவதை வீடுதோறும் காணலாம். அடுக்களையில் அஃது எழுப்பும் மெல்லோசை, உணவு ஆயத்தமாகிறது என்னும் இனிய செய்தியாகும். அதே ஆவி அனல் மின் நிலையத்திலும் சர்க்கரை ஆலையிலும் பெருங்கொதிகலன்களில் அடைபட்டுக் கிடந்து, மிகுந்த அழுத்தத்தோடு குழாய்வழியே வானை நோக்கிப் பீறிடுமாயின், அதன் முழக்கம் சுற்றுப்புறத்தையே நடுங்கச் செய்கிறது. உறங்கும் குழவி வீறிட்டு எழுகிறது. ஆசிரியர் பாடத்தை நிறுத்துகிறார். நோயாளி கண்மூட இயலாது தவிக்கிறார். ‘தொழில் வளரும் ஊரில் இவ்வோசையைப் பொறுத்தல்தான் வேண்டும்’ என்பர் சிலர். அக்கூற்று பொருந்துமா என ஆராய்தல் தகும்.

ஆவியை வெளிவிடுதல் வீண்செயல் அன்று. கொதிகலனுள் அழுத்தம் அளவு கடந்தால் பாதுகாப்பு வால்வு தானே திறந்து, மிகுதியான ஆவியைப் போக்கிவிடும். அவ்வழி தடைப்பட்டால் பெருங்கேடு விளையும். 1803-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டுக் கிரீனிச்சில், ரிச்சர்டு டிரெவிதிக் அமைத்த நீராவிப் பொறியின் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர் சிலர் மாண்டனர். பாதுகாப்பு வால்வு தன் கடமையைச் செய்ய விடப்படாமையே அதற்குக் காரணம். ஆதலின், ஓசைக்கு அஞ்சி ஆவியின் வழியை அடைப்பது பேதைமையாகும். வாயை அடைத்தல் வேறு. குரலைத் தாழ்த்துதல் வேறு. வேண்டுவது பின்னதே.

குரலைத் தாழ்த்துதல் எங்ஙனம்? மலையினின்று வீழும் அருவி ஆர்ப்பரிக்கிறது. அதே நீர் சமவெளியில் அகன்று பாயுங்கால் அரவமின்றிச் செல்கிறது. நீர் ஒன்றே, விரைவுதான் வேறு. ஆவிக்கும் இஃது ஒக்கும். விரைந்து பாயும் தாரை, அசையாது நிற்கும் காற்றோடு மோதிக் கலங்குவதாலேயே முழக்கம் பிறக்கிறது. ஒலியினும் மெதுவாகச் செல்லும் தாரையில், ஓசையின் ஆற்றல் விரைவின் எட்டாம் அடுக்கை ஒட்டி வளரும் என்பதை ஜேம்ஸ் லைட்ஹில் என்னும் ஆங்கில அறிஞர் 1952-ஆம் ஆண்டில் கணித்துக் காட்டினார். அவ்விரைவு பாதியானால் ஓசையின் ஆற்றல் 256-இல் ஒரு பங்காகக் குறையும். சிறிது தணித்தாலும் பெரும்பயன் விளையும் என்பது இதனால் பெறப்படும்.

இவ்வுண்மையை ஒட்டி அமைந்ததே ஒலியடக்கி என்னும் கருவி. வெளியேறும் ஆவி முதலில் எண்ணற்ற சிறு துளைகளின் வழியே புகுந்து, படிப்படியாக அழுத்தம் குறைகிறது. ஒரு பெருந்தாரை பல சிறு தாரைகளாகப் பிரியவே, பருத்த முழக்கம் கீச்சென்னும் நுண்ணொலியாக மாறுகிறது. பின்னர் ஆவி அகன்ற கலத்தில் விரிந்து விரைவு தணிகிறது. அக்கலத்தின் சுவரில் துளைத் தகடுகளுக்குப் பின்னே பஞ்சு போன்ற கண்ணாடி இழை செறிந்திருக்கும். அவ்விழை நுண்ணொலியை எளிதில் உறிஞ்சிக்கொள்கிறது. ஆவி தடையின்றிச் செல்லும் அளவுக்கு வாயில் அகன்றிருத்தல் மட்டும் இன்றியமையாதது.

ஒலியடக்கியின் வரலாறு ஓர் அரிய படிப்பினையைத் தருகிறது. இயந்திரத் துப்பாக்கியை ஆக்கிய ஹைரம் மாக்சிம் பிற்காலத்தில் செவிப்புலன் குன்றினார். அவர் மைந்தர் ஹைரம் பெர்சி மாக்சிம், துப்பாக்கியின் ஓசையை அடக்கும் கருவி ஒன்றை இயற்றி, 1909-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் நிறுவனம் பின்னர்ப் பொறிகளின் ஓசையையும் ஆலைகளின் ஓசையையும் அடக்கும் கருவிகளைச் செய்தது. தந்தையின் கைத்திறன் ஓசையைப் பெருக்கியது. மைந்தரின் கைத்திறன் அதனை அடக்கியது. ஓசையை ஆக்கும் அறிவே அதனை அடக்கவும் வல்லது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

‘இதற்குப் பொருட்செலவு ஆகுமே’ எனத் தடை கூறுவாரும் உளர். அவர் செலவின் ஒரு பக்கத்தையே காண்கின்றனர். உட்செவியிலுள்ள நுண்மயிர்ச் செல்கள் பேரோசையால் அழிந்தால் மீண்டும் தோன்றுவதில்லை. ஆலை இழந்த பொருளை ஈட்டிக்கொள்ளும். தொழிலாளி இழந்த செவியை எங்கே ஈட்டுவான்? ‘கேள்வி’ என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் பிறந்த மொழியினர்க்குச் செவியின் அருமையை விரித்துரைத்தல் வேண்டா. இந்திய அரசு 2000-ஆம் ஆண்டில் வகுத்த விதிகளும், குடியிருப்புப் பகுதியில் ஒலி பகலில் 55 டெசிபெல்லும் இரவில் 45 டெசிபெல்லும் கடத்தலாகாது என வரம்பு கட்டின. அன்றியும், வீணே வெளியேறும் ஆவியோடு எரிபொருளின் வெப்பமும் தூய்மை செய்த நீரும் போகின்றன. தேவைக்கேற்ப அனலை அளந்தெரித்து, எஞ்சிய ஆவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்கிக்கொள்ளும் ஆலை, ஓசையோடு செலவையும் குறைக்கிறது. தவிர்க்கவொண்ணாத நேரங்களிலும் நள்ளிரவை நீக்கிப் பகலில் ஆவியை விடுதலும், அண்டை அயலார்க்கு முன்னரே அறிவித்தலும் பொருட்செலவற்ற நற்பண்புகளாம்.

ஊர் வாழவே ஆலை எழுந்தது. ஆலைக்காக ஊர் எழவில்லை. விளக்கை ஏற்றும் மின்னாற்றலைத் தந்துவிட்டு, அவ்விளக்கை அணைத்து உறங்கும் உறக்கத்தைப் பறித்தல் அறமாகாது. இன்றைய மாணவருள் நாளைய பொறியாளர் பலர் உளர். ஆற்றலை ஆக்குவதோடு அமையாது, அதனை அடக்கமுடன் ஆளவும் அவர் கற்பாராயின், ஆலையும் ஊரும் ஒருங்கே தழைக்கும்.