கம்பிக்குக் கொடுக்கும் காசைக் கேசட்டுக்குக் கொடுங்கள்



பொங்கலுக்கு 90 அடி சாலையில் பானை வரிசை வைத்துப் பாட்டுப் போட்டுக் கொண்டாடுகிறவர்கள் நாம். நம் தாராவித் தமிழர்களுக்குப் பாட்டுக் கேட்கச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வந்ததும், "இதில் பாட்டு இன்னும் நன்றாகக் கேட்க வேண்டும்" என்று ஆசைப்படும் நம் பிள்ளைகளைச் சுற்றி ஒரு வியாபாரம் வலை விரித்திருக்கிறது. தங்க முலாம் பூசிய வயர், மின்சாரத்தைச் "சுத்தம் செய்யும்" பெட்டி, கம்ப்யூட்டரை இசைக்கென்றே "பக்குவப்படுத்தும்" மென்பொருள் என்று அதன் பட்டியல் நீளுகிறது.

எங்கள் சந்தில் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணாச்சி, இருபதாயிரம் ரூவா போட்டாத்தான் பாட்டு நல்லாக் கேக்குமாம்லா. வாங்கிரட்டுமா?" அவருடைய அப்பாவுக்கு அது ஒரு மாத உழைப்பு. அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் நல்ல இசை கேட்பதற்குப் பெரிய செலவு தேவையில்லை. செய்கிற செலவை ஸ்பீக்கருக்குச் செய்யுங்கள், வயருக்குச் செய்யாதீர்கள். கம்ப்யூட்டரால் ஆகக்கூடிய வேறொரு பெரிய காரியம், நம் வீட்டுப் பரண்களில் கிடக்கும் கேசட்டுகளைக் காப்பாற்றுவது. அதற்கு நமக்கு அதிக நாள் இல்லை.

கணக்குத் தெரிந்தால் பயம் போகும்

1982இல் விற்பனைக்கு வந்த சி.டி., ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக எழுதி வைக்கிறது. எதற்கு இந்த எண்? மனிதக் காது கேட்கக் கூடியது நொடிக்கு ஏறத்தாழ 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரைதான். வயது ஏற ஏற அந்த மேல் எல்லை குறைந்துகொண்டே வரும். ஓர் அதிர்வை முழுமையாகத் திரும்பப் பெற வேண்டுமானால் அதன் இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் அளந்தால் போதும் என்பது நைக்விஸ்ட், ஷானன் என்ற இரு அறிஞர்களின் பெயரால் வழங்கும் கணித உண்மை. 20,000க்கு இரு மடங்கு 40,000. சி.டி. அதற்கும் சற்று மேலேயே நிற்கிறது.

அடுத்தது, மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான தூரம். சி.டி.யின் 16 பிட் அளவில் அது 96 டெசிபல். நாம் உருகி உருகிக் கேட்ட சாதாரண கேசட்டில் அது 50 முதல் 60 வரைதான். மின்விசிறி ஓட, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி அலற, தெருவில் ரிக்‌ஷா ஹாரன் அடிக்க, அதற்கிடையே பாட்டுக் கேட்கும் நமக்கு 96 டெசிபலே கொள்ளை.

"நொடிக்கு 96,000, 192,000 முறை அளந்த பாட்டெல்லாம் வந்துவிட்டதே?" என்று கேட்கலாம். அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் 2007இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அத்தகைய உயர்தரப் பதிவையும், அதையே சி.டி. தரத்துக்குக் குறைத்ததையும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். 554 முறை கேட்டதில் சரியாக இனம் கண்டது 276 முறை. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்தாலும் அதே பாதிதான் வரும். லண்டனைச் சேர்ந்த ஜோஷுவா ரீஸ் 2016இல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, நூற்றுக்கு 52 என்ற அளவில் மிகச் சிறிய வேறுபாடு தெரிகிறது என்றார். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த இரண்டு விழுக்காட்டுக்காக நம் குடும்பங்கள் கடன்படத் தேவையில்லை என்பது என் கட்சி.

குறைந்த தரத்தில் சுருக்கிய பாட்டின் கதை வேறு. சி.டி.யில் நொடிக்கு 1,411 கிலோபிட் உள்ள பாட்டை 128 கிலோபிட் எம்.பி.3 ஆக்கினால் பதினொன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். தாளத்தின் ஜிலீர் ஓசையும் தம்புராவின் இழையும் அதில் மங்கும். 320 கிலோபிட் என்றால் பெரும்பாலோருக்கு வேறுபாடு தெரியாது. தரம் துளியும் குறையாமல் இடத்தை மட்டும் சுருக்கும் ஃபிளாக் என்ற முறை 2001 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. வீட்டில் சி.டி. இருந்தால் அதில் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

செலவில்லாமல் செய்யக் கூடியவை

கம்ப்யூட்டர் தானாகச் சேர்க்கும் "ஒலி மெருகு" வசதிகளை எல்லாம் நிறுத்துங்கள். பாட்டைப் பதிவு செய்த இசையமைப்பாளரைவிட அந்த மென்பொருளுக்கு அதிகம் தெரியும் என்று நான் நம்பவில்லை.

பல கம்ப்யூட்டர்கள் எல்லா ஒலியையும் 48,000க்கு மாற்றியே வெளியே அனுப்பும். நீங்கள் கேட்பது பெரும்பாலும் 44,100இல் உள்ள சி.டி. பாட்டுகளானால், ஒலி அமைப்பில் அதே எண்ணை வைத்துவிடுங்கள். ஃபூபார் 2000 போன்ற இலவச மென்பொருள்களில், வேறெந்த ஒலியும் குறுக்கிடாமல் பாட்டு நேராக வெளியேறும்படி செய்யலாம். இதனால் கிடைக்கும் நன்மை சிறிதுதான் என்றாலும், இதற்குக் காசு இல்லை.

பாட்டு நின்ற பிறகும் ஸ்பீக்கரில் "கிர்" என்ற சத்தம் கேட்டால், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மின் இரைச்சல் ஒலிச் சுற்றில் கலக்கிறது என்று பொருள். எண்ணை ஒலியாக மாற்றும் வேலையை வெளியே செய்யும் சிறு யு.எஸ்.பி. பெட்டி ஒன்று போட்டால் பெரும்பாலும் அது தீரும். கடைக்காரர் அதை டி.ஏ.சி. என்பார். அதில் விலை குறைந்ததே போதும்.

"ம்ம்ம்" என்று இழுக்கும் சத்தம் வந்தால் அது நம் மின்சாரத்தின் 50 அதிர்வு. எர்த் சரியில்லாததாலோ, இரண்டு கருவிகள் இரண்டு இடத்தில் எர்த் ஆவதாலோ வருவது. எல்லாவற்றையும் ஒரே பலகையிலிருந்து இணைத்துப் பாருங்கள். சிலர் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை ஒடித்துவிட்டுச் சத்தம் நின்றது என்று மகிழ்கிறார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் புகும் வீடுகளில் அது உயிருக்கு உலை. தயவுசெய்து செய்யாதீர்கள்.

வயர் விஷயத்துக்கு வருவோம். யு.எஸ்.பி. வயரில் போவது ஒன்றும் பூஜ்யமும். பழுதில்லாத சாதாரண வயரிலும் அதே எண்கள்தான் போகும், தங்க வயரிலும் அதே எண்கள்தான் போகும். மணியார்டரில் வந்த நூறு ரூபாய், தபால்காரர் புதுச் சட்டை போட்டிருந்தால் நூற்றிருபது ஆகிவிடாது.

பத்துக்குப் பத்து அறையில்

வெளிநாட்டுப் புத்தகங்கள், ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து நாலடி தள்ளி வை என்று சொல்லும். நம் வீட்டில் நாலடி தள்ளினால் சமையலறை வந்துவிடும்! நம் அறைக்கு ஏற்ற கணக்கை நாம்தான் போட வேண்டும்.

ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. பத்தடி என்பது சுமார் 3.05 மீட்டர். இரு சுவர்களுக்கு இடையே ஒலி முட்டித் திரும்பும்போது, 56 அதிர்வுக்கு அருகே உள்ள ஒலி மட்டும் வீங்கிப் பெருகும். நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால் வீக்கமும் இரட்டிப்பாகும். பேஸ் கிதாரின் ஏ தந்தி சரியாக 55 அதிர்வு. இளையராஜா பாட்டில் அந்த ஒரு சுரம் வரும்போது மட்டும் அறையே "கும்" என்று அதிர்வதற்குக் காரணம் பாட்டும் அல்ல, கம்ப்யூட்டரும் அல்ல. நம் நான்கு சுவர்கள்தாம்.

இதற்கு மருந்தும் எளியதே. ஸ்பீக்கரை மூலையில் வைக்காதீர்கள். மூலை அந்த வீக்கத்தை இன்னும் கூட்டும். முதுகைச் சுவரில் ஒட்டி உட்காராதீர்கள். அறையின் நட்ட நடுவிலும் வேண்டாம், அங்கே அந்த ஒலி அடங்கிப் போகும். இரண்டுக்கும் இடைப்பட்ட இடமே நல்லது. இரண்டு ஸ்பீக்கரும் நம் காதின் உயரத்தில், நமக்கும் அவற்றுக்கும் முக்கோணம் போல அமையட்டும். சுருட்டி வைத்த மெத்தையும் கொடியில் தொங்கும் துணிகளும் சுவரின் எதிரொலியை ஓரளவு உறிஞ்சும். வீட்டில் சாமான் நிறைந்திருக்கிறதே என்று வெட்கப்பட வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் அது லாபம். இரவு வேலை முடிந்து வந்து கேட்பவருக்கும், குழந்தை தூங்கும் வீட்டுக்கும் நல்ல ஹெட்போன் ஒன்று போதும். அறையின் குறை எதுவும் அதில் இல்லை.

காதே அளவுகோல்

லேமிங்டன் ரோட்டில் கடை ஏறுமுன் உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டை எடுத்துச் செல்லுங்கள். இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். சற்று உரக்கப் பாடுவதே நல்ல ஸ்பீக்கர் என்று காது ஏமாறும். விற்பவருக்கு அது தெரியும். பிறகு திரும்பி நின்றுகொண்டு, நண்பரை விட்டு மாற்றி மாற்றிப் போடச் சொல்லிப் பத்து முறை ஊகியுங்கள். குருட்டாம்போக்கில் ஒன்பது சரியாக வர வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். ஐந்தும் ஆறும் சரியாக வந்தால், விலை குறைந்ததை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேருங்கள்.

காதைப் பழக்குவதற்கு நமக்கு இருக்கும் வசதி வேறு யாருக்கு உண்டு? 1952இல் தொடங்கிய சண்முகானந்தா சபையின் அரங்கம் தாராவியிலிருந்து நடந்து போகும் தூரம். செம்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கிறது. நம் கோயில் விழாவில் மைக் இல்லாமல் ஊதும் நாதஸ்வரமும் தவிலும் இருக்கின்றன. அசலைக் கேட்ட காதை எந்த விளம்பரமும் ஏமாற்ற முடியாது. பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

பரணில் இருப்பது வெறும் பிளாஸ்டிக் அல்ல

இனி, நான் முக்கியம் என்று கருதும் செய்திக்கு வருகிறேன். தாராவி மறுசீரமைப்புக்காக 2024இல் வீடுகளைக் கணக்கெடுக்கும் பணி தொடங்கியது. வீடு மாறும் பேச்சு வந்தாலே வேண்டாத சாமானைக் கழிக்கும் பேச்சும் வரும். முதலில் கழிவது கேசட் பெட்டி. அது 13ஆம் காம்பவுண்டுக்குப் போய் பிளாஸ்டிக் தூளாகிவிடும்.

கடையில் விற்ற திரைப்படக் கேசட் போனால் போகட்டும். அந்தப் பாட்டு வேறெங்காவது இருக்கும். ஆனால் திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில் கொடையில் பதிந்த வில்லுப்பாட்டும், ஆச்சி பாடிய தாலாட்டும், வளைகுடாவுக்குப் போன மகன் பேசி அனுப்பிய கேசட் கடிதமும் உலகத்திலேயே ஒரே ஒரு பிரதிதான். இந்த நகரத்தின் ஈரக் காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிக்கிறது. நல்ல கேசட் பிளேயரும் அதைப் பழுது பார்ப்பவரும் ஆண்டுக்கு ஆண்டு அரிதாகி வருகிறார்கள்.

கேசட்டை ஏற்றும் முறை கடினமானதல்ல. பிளேயரின் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். நாடாவை ஒருமுறை முன்னும் பின்னும் முழுக்க ஓட்டித் தளர்த்த வேண்டும். பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே வேண்டாம், தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஹெட்டின் பக்கத்துச் சிறு திருகை மெல்லத் திருப்பினால், மங்கிய குரல் பளிச்சென்று தெளியும் ஓர் இடம் வரும், அங்கே நிறுத்துங்கள். மைக் துளையில் செருகாமல், லைன் உள்ளீடு உள்ள யு.எஸ்.பி. பெட்டி வழியாக ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதியுங்கள். உச்சக் குரலும் எல்லையைத் தொடாமல் சற்றுக் கீழேயே நிற்கட்டும்.

இங்கே மட்டும் 24 பிட், 48,000 அல்லது 96,000 என்ற உயர்ந்த அளவை வையுங்கள். உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கமும் அதையே பரிந்துரைக்கிறது. கேட்பதற்குச் சி.டி. தரம் போதும், ஒரே ஒருமுறை செய்யும் ஆவணப் பதிவுக்குத் தாராளம் வேண்டும். 48,000இல் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 1 ஜி.பி. பிடிக்கும். ஒரு டெராபைட் டிஸ்க்கில் 950 மணி நேரத்துக்கு மேல் அடங்கும். இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலப் பதிவில் கை வைக்காதீர்கள். பிரதி எடுத்து, அதில் உங்கள் கைவண்ணத்தைக் காட்டுங்கள். யார் பாடியது, எந்த ஊர், எந்த ஆண்டு என்பதையும் எழுதி வையுங்கள். பெயரில்லாத குரல் அடுத்த தலைமுறைக்கு அநாதைக் குரல். மூன்று பிரதி எடுத்து, ஒன்றை ஊர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டியதில்லை. நம் சங்க அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று, பழுது பார்த்த கேசட் பிளேயர் ஒன்று, சிறு யு.எஸ்.பி. பெட்டி ஒன்று, டிஸ்க் இரண்டு இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் அமர்ந்தால் வாரத்துக்கு நாலைந்து கேசட் ஏற்றிவிடலாம். வீட்டு விஷயம் பேசிய கேசட்டை உரியவரிடமே திருப்பித் தர வேண்டும். சங்கம் பிரதி வைத்துக்கொள்வதானால் அவர்கள் சம்மதம் வேண்டும். இதற்கு ஆகும் மொத்தச் செலவு, ஒரு பிள்ளை ஏமாந்து வாங்கும் தங்க வயருக்கும் பெட்டிக்கும் ஆகும் செலவைவிடக் கூடாது என்றே கருதுகிறேன்.

செயற்குழு அன்பர்கள் இதைப் பரிசீலிக்க வேண்டும். வாசகர்களோ செயற்குழுவுக்காகக் காத்திராமல், இந்த ஞாயிறே பரண் மேல் ஏறிப் பாருங்கள். கேசட்டுகளை எண்ணி, மேலே ஒட்டிய சீட்டு உதிர்ந்திருந்தால் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் புதிதாக எழுதி ஒட்டுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இன்று நம்மோடு இருக்கிறார்கள்.