சுமையை முதலில் நிறுத்துப் பாருங்கள்



இல்லத்துக்கு ஒரு வண்டி வாங்கவேண்டும் என்ற பேச்சு எழுந்தவுடன் நம்மில் பலர் கேட்கும் முதற்கேள்வி, "விலை என்ன?" என்பது. இரண்டாவது கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்பது. அவ்வண்டியில் நாள்தோறும் எதனை ஏற்றப்போகிறோம், அதனை ஓட்டப்போகிறவர் யார் என்னும் கேள்விகளோ பெரும்பாலும் வண்டி வீட்டுக்கு வந்த பிறகே எழுகின்றன. சாமான் சுமக்கவும் வேலைக்குச் செல்லவும் மின்சார சைக்கிள் ஒன்று வாங்கலாமா என்று எண்ணுகிற குடும்பங்களுக்கு இந்த வரிசை இழப்பையே தரும். ஆகவே இம்மாதம் அவ்வரிசையை மாற்றிவைத்துச் சிந்திப்போம்.

சைக்கிளில் சுமை ஏற்றுவது நமக்குப் புதிதன்று. பால்காரரின் கேன்களையும், கேரியரின் இருபுறமும் கட்டிய தண்ணீர்க் குடங்களையும், சந்தைக்குச் செல்லும் வாழைத்தார்களையும் சைக்கிளே சுமந்தது. 1980-ஆம் ஆண்டு டி.வி.எஸ். 50 வெளிவந்தபின் அச்சுமைகளில் பெரும்பகுதி அதன்மீது ஏறிற்று. டென்மார்க்கிலும் நெதர்லாந்திலும் முன்புறம் பெரிய பெட்டி பொருத்திய சைக்கிள்களில் குழந்தைகளையும் காய்கறிகளையும் ஏற்றிச் செல்வது நெடுங்கால வழக்கம். இப்போது அவற்றிலும் மோட்டாரும் பாட்டரியும் வந்துவிட்டன. ஆனால் அங்கே அத்தகைய வண்டி ஒன்றின் விலை நம் பணத்தில் சில இலட்சம் ரூபாய். நம் நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டக்கூடியவை வேறு.

எட்டக்கூடிய மூன்று வகை

முதல் வகை, மிதிப்பதற்குத் துணைசெய்யும் சிறிய மோட்டார் பொருத்திய சைக்கிள். உறுதியான கேரியரும் முன்கூடையும் இணைத்துக்கொண்டால் இதுவே நமது சுமைவண்டி. விலை ஏறத்தாழ 25 ஆயிரம் முதல் 45 ஆயிரம் ரூபாய் வரை. இரண்டாம் வகை, மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகச் செல்லும் மெதுவேக மின்சார ஸ்கூட்டர். மூன்றாம் வகை, பதிவு எண்ணும் காப்பீடும் ஓட்டுநர் உரிமமும் தேவைப்படும் முழு ஸ்கூட்டர். இதன் விலை முன்னவற்றைவிட மிகுதி.

இவற்றுள் உங்களுக்கு ஏற்றது எது என்பதைக் கடைக்காரர் சொல்ல முடியாது. உங்கள் வீட்டு நோட்டுப்புத்தகம்தான் சொல்ல முடியும். ஒரு வாரத்துக்கு, யார் எங்கே சென்றார், எத்தனை கிலோமீட்டர், கையில் எவ்வளவு எடை என்பதை நாள்தோறும் எழுதிவையுங்கள். நியாயவிலைக் கடை அரிசி 20 கிலோ, மாவு அரைக்கும் வாளி, சந்தைக் காய்கறி, பள்ளிப் பைகள், வேலைக்குச் செல்லும் தூரம் ஆகிய அனைத்தும் அதில் இடம்பெறட்டும். வார இறுதியில் அதனைப் படிக்கும்போது, அச்சுமையின் பெரும்பகுதியைத் தூக்கி நடந்தவர் இல்லத்தரசியே என்பது பல வீடுகளில் தெரியவரும். அவ்வாறாயின் வண்டியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவருக்கே உரியது. புடவை அணிபவர் எளிதில் ஏறி இறங்கத்தக்க தாழ்ந்த சட்டமும், சக்கரத்தில் சாரி கார்டும் அமைந்த வண்டியை அவரே ஓட்டிப்பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டும். வீட்டு ஆண்மக்கள் தங்கள் விருப்பப்படி வாங்கிவந்து, பின்னர் அது மூலையில் நிற்பதைக் காண்பதில் யாருக்கும் பயனில்லை.

எடையின் கணக்கு

சைக்கிள் ஒன்று தாங்கும் மொத்த எடை, ஓட்டுபவரையும் சேர்த்து, பெரும்பாலும் 100 முதல் 120 கிலோ வரை என்று குறிக்கப்பட்டிருக்கும். ஓட்டுபவர் 60 கிலோ என்றால், மீதமிருப்பது 40 முதல் 60 கிலோ. ஆயினும் இவ்வளவையும் கேரியரின்மேல் வைக்கலாகாது. பல கேரியர்களில் 25 கிலோ என்ற அளவு பொறிக்கப்பட்டிருக்கும். அதுவே அதன் எல்லை. அரிசிப் பை ஒன்றை அது தாங்கும். சமையல் எரிவாயு உருளையோ, உள்ளிருக்கும் 14.2 கிலோ வாயுவும் இரும்புக் கூடும் சேர்ந்து, ஏறத்தாழ 30 கிலோ எடையுள்ளது. அதனைக் குறுகிய கேரியரில் கட்டிச் செல்வது அறிவுடைமையாகாது.

ஆகவே கடைக்குச் செல்லும்போது 20 கிலோ அரிசிப் பை ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் வியப்புடன் நோக்கலாம், நோக்கட்டும். அதனைக் கேரியரில் கட்டி வண்டியை ஓட்டிப் பாருங்கள். வேகம் குறையும்போது கைப்பிடி ஆடுகிறதா? பிரேக் பிடித்தால் நினைத்த இடத்தில் நிற்கிறதா? ஸ்டாண்டில் நிறுத்தினால் சாய்கிறதா? சுமைவண்டிக்கு ஒற்றைக்கால் ஸ்டாண்டு போதாது. இரு கால்களும் தரையில் ஊன்றும் நடுஸ்டாண்டு வேண்டும். பிரேக் டிஸ்க் வகையாயின் மழையிலும் நன்கு பிடிக்கும். பின்சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிகள் தடித்தவையாக இருத்தல் நலம்.

பழைய சைக்கிளில் மோட்டார் பொருத்தித் தருவோரும் உளர். செலவு குறைவுதான். ஆனால் துருப்பிடித்த சட்டமும், நனைந்தால் வழுக்கும் பழைய கம்பி பிரேக்கும், மோட்டாரின் வேகத்துக்கும் சுமைக்கும் ஈடுகொடுக்க மாட்டா. சட்டத்தின் உறுதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு நெதர்லாந்து நாட்டில் நிகழ்ந்ததே சான்று. அங்கே கட்டுபடியாகும் விலைக்குப் பெயர்பெற்றிருந்த ஒரு நிறுவனத்தின் பெட்டிச் சைக்கிள்களில் சட்டம் முறியும் அபாயம் இருப்பதாகக் கண்ட அரசு அதிகாரிகள், 2024 பிப்ரவரியில் அவற்றின் விற்பனையை நிறுத்துமாறு ஆணையிட்டனர். குழந்தைகளை ஏற்றிச் செல்வதற்கென்றே பெற்றோர் வாங்கிய வண்டிகள் அவை. விலை குறைவாக இருப்பது குற்றமன்று. எங்கே குறைத்தார்கள் என்று கேட்டறிவது நம் கடமை.

மேடான ஊர்களில் வாழ்வோர் மற்றொன்றையும் எண்ணவேண்டும். 250 வாட் மோட்டார், நாமும் மிதித்துத் துணைசெய்தால், சமவெளிச் சாலையிலும் மேம்பாலத்திலும் சுமையுடன் ஏறிவிடும். நெடிய மலைச்சாலையில் சுமையுடன் தொடர்ந்து ஏறினால், பின்சக்கரத்தில் அமைந்த மலிவான மோட்டார் சூடேறித் தளர்ந்துவிடும். கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் வாழ்வோருக்கு இவ்வண்டி ஏற்றதன்று.

உயிர் காக்கும் எச்சரிக்கை

2022-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்த மின்சார ஸ்கூட்டர் ஒன்று தீப்பற்றியது. தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி மாண்டனர். அவ்வாண்டில் நாட்டின் பிற இடங்களிலும் இத்தகைய தீ விபத்துகள் நிகழவே, பாட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 என்னும் தரவிதி கடுமையாக்கப்பட்டது. புதிய விதிகள் 2022 டிசம்பர் 1-ஆம் தேதியும் 2023 மார்ச் 31-ஆம் தேதியுமாக இரு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தன. பதிவுபெறும் ஸ்கூட்டர் வாங்குவோர், அது இவ்விதிக்கு உட்பட்டதா என எழுத்தில் கேட்டுப் பெறுக. சைக்கிள் வாங்குவோரும் பாட்டரியைத் தயாரித்தவர் யார், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதைக் கேளாமல் பணம் கொடுக்கவேண்டாம்.

பாட்டரியில் ஈய-அமில வகை மலிவானது. ஆனால் மிகக் கனமானது, விரைவில் தளர்வது. லித்தியம் வகை இலேசானது. அதிலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்னும் வகை வெப்பத்தை அதிகம் தாங்கவல்லது. நமது கோடைக்கு அது பொருந்தும்.

எந்த வகையாயினும் சில நெறிகளை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்கவேண்டும். வண்டியுடன் வந்த சார்ஜரையே பயன்படுத்துக. 36 வோல்ட் பாட்டரிக்கு 48 வோல்ட் சார்ஜரைச் செருகுவது தீயை வரவழைப்பதாகும். வெயிலில் ஓடிவந்த பாட்டரி ஆறியபின் சார்ஜ் ஏற்றுக. வீட்டார் அனைவரும் உறங்கும் நேரத்தில் சார்ஜ் ஏற்றாதீர்கள். படுக்கையறையிலும், வெளியேறும் ஒரே வாயிலின் அருகிலும் அதனை வைக்காதீர்கள். சிறிய சைக்கிள் பாட்டரி நிறைய ஐந்து மணி நேரம் போதும், பகலிலேயே முடித்துவிடலாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை மக்கள் கண்டதுபோன்ற வெள்ளத்தில் பாட்டரி மூழ்கியிருந்தால், உலர்ந்துவிட்டதே என்று எண்ணிச் சார்ஜ் ஏற்றலாகாது. பழுதுபார்ப்பவர் சோதித்த பின்னரே அதனைத் தொடவேண்டும்.

சட்டமும் சோதனையும்

மோட்டாரின் ஆற்றல் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்து, அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையம் அதனை உறுதிசெய்திருந்தால், அவ்வண்டி சட்டப்படி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. பதிவும் உரிமமும் அதற்குத் தேவையில்லை. புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. இத்தகைய சோதனை நிலையங்களுள் ஒன்று. அச்சான்றின் நகலைக் கேட்டுப் பெறுங்கள்.

இங்கேதான் ஒரு சோதனை நம்மை அணுகும். "வேகக் கட்டுப்பாட்டை நீக்கித் தருகிறோம், 40 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம், லைசென்ஸும் வேண்டாம்" என்று சிலர் ஆசைகாட்டுவர். நீக்கிய அக்கணமே அது பதிவில்லாத, காப்பீடில்லாத மோட்டார் வாகனமாகிவிடுகிறது. அதில் செல்லும் நம் பிள்ளை ஒருவர்மீது மோதிவிட்டால், அடிபட்டவருக்கு ஈடுசெய்ய எந்தக் காப்பீடும் முன்வராது. அந்தச் சுமை நம் குடும்பத்தின் தலைமேல் விழும். அடிபட்ட ஏழைக் குடும்பமோ கைவிடப்படும். மேலும், மெதுவான வேகத்துக்கென அமைந்த பிரேக் அவ்வேகத்தில் நம்மைக் காக்காது. ஆகவே அந்த ஆசைவார்த்தைக்குப் பெற்றோர் உறுதியுடன் மறுப்புச் சொல்லவேண்டும்.

தலைக்கவசம் குறித்தும் ஒரு சொல். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்லும்போது, குழந்தைக்குத் தலைக்கவசமும் ஓட்டுபவருடன் பிணைக்கும் பாதுகாப்பு வாரும் வேண்டும் என்ற விதி 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் உள்ளது. சைக்கிளுக்கு அவ்விதி இல்லையே என்று நாம் இருந்துவிடலாகாது. தரை யாவருக்கும் ஒரேபோல் கடினமானது.

வரவு செலவு

இனிப் பணத்தின் கணக்கைப் பார்ப்போம். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பாட்டரியில் அடங்குவது 360 வாட்-மணி மின்சாரம். சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் அரை யூனிட்டுக்கும் குறைவு. யூனிட்டுக்கு 8 ரூபாய் என வைத்தாலும் ஒரு முறைக்கு 4 ரூபாய்க்குள் முடிந்துவிடும். நாமும் மிதித்தால், சுமையுடன் 25 கிலோமீட்டர் செல்லலாம். விளம்பரங்கள் இதைவிடப் பெரிய எண்ணைச் சொல்லும். சுமையில்லாத வண்டியை வைத்துச் சொல்லப்படும் எண் அது.

நாளொன்றுக்கு 12 கிலோமீட்டர், மாதத்தில் 26 நாட்கள் என்றால் மொத்தம் 312 கிலோமீட்டர். மின்செலவு 50 ரூபாய். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் மொபெட்டுக்கு, பெட்ரோல் விலை 100 ரூபாய் எனக் கொண்டால், 624 ரூபாய். மிச்சம் 574 ரூபாய் என்று மகிழ்வதற்குமுன் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் பாட்டரியை மாற்றவேண்டி வரும். அது வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்குவரை ஆகலாம். அதற்கென மாதம் 300 ரூபாயைத் தனியே சேர்த்துவாருங்கள். மூன்று ஆண்டுகளில் 10,800 ரூபாய் சேர்ந்திருக்கும். ஆக, உண்மையான மிச்சம் மாதம் 274 ரூபாயே.

இக்கணக்கு சொல்லும் பாடம் தெளிவானது. நன்றாக ஓடும் மொபெட் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், பெட்ரோல் செலவுக்கு அஞ்சிக் கடன்பட்டு மின்சார சைக்கிள் வாங்கவேண்டாம். போட்ட முதல் திரும்பப் பத்தாண்டுகளுக்கு மேலாகும். புதிதாக ஒரு வண்டி வாங்கியே தீரவேண்டும் என்னும் குடும்பத்துக்கோ, 35 ஆயிரம் ரூபாய்ச் சைக்கிள் உண்மையிலேயே இலாபம். புதிய மொபெட்டைச் சாலைக்குக் கொண்டுவர 50 ஆயிரத்துக்கு மேலாகும், காப்பீட்டுச் செலவும் உண்டு. இரண்டு பிள்ளைகளையும் பைகளையும் ஒருசேர ஏற்றவேண்டியவர்கள் சைக்கிளை நாடாமல், பணம் சேரும்வரை பொறுத்திருந்து பதிவுபெற்ற ஸ்கூட்டரையே வாங்குதல் நன்று. தமிழ்நாட்டு நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. சுமையின்றி வேலைக்குச் சென்று திரும்பும் சகோதரிக்குப் பேருந்து வசதி இருக்குமானால், வண்டியே தேவைப்படாமலும் போகலாம்.

இறுதியாக, வாங்குமுன் உங்கள் தெருவில் பஞ்சர் ஒட்டுபவரிடம் சென்று கேளுங்கள்: மோட்டார் பொருத்திய பின்சக்கரத்தைக் கழற்றி மாட்ட அவருக்குத் தெரியுமா? பாட்டரியும் கண்ட்ரோலரும் பழுதானால் பார்க்க, பேருந்து ஏறாமல் சென்றடையக்கூடிய ஊரில் ஒரு பணிமனை உண்டா? இரண்டுக்கும் "ஆம்" என்ற விடை கிடைக்கவில்லையெனில், எவ்வளவு மலிவான வண்டியும் உங்களுக்கு விலை உயர்ந்ததே.

ஆகவே, அடுத்த மாதம் கடைக்குச் செல்ல எண்ணியிருப்போர், இந்த வாரமே நோட்டுப்புத்தகத்தைத் திறந்து எழுதத் தொடங்குங்கள். எழுதியதைக் குடும்பத்தார் அனைவரும் ஒன்றாய் அமர்ந்து படியுங்கள். அச்சுமையை நாள்தோறும் தூக்குபவரின் சொல்லுக்கு முதலிடம் கொடுங்கள். விலையைப் பற்றி அதற்குப் பின் பேசலாம்.