ஓவர்... ஓவர்... கேக்குதா?

மீமிசல்ல ஈ.சி.ஆர். ஓரமா ஒரு டீக்கடை. எதிர் பெஞ்சுல ஒரு தம்பி. பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ், மூணாவது வருஷம். கையில நெட்வொர்க்ஸ் புத்தகம், முகத்துல அரியர் களை. பேச்சுக் குடுத்தேன். அவ்வளவுதான், பொங்கிட்டான்.

"ஏண்ணே, ஏழு லேயராம். ஃபிசிக்கல், டேட்டா லிங்க், நெட்வொர்க்குன்னு வரிசையா ஒப்பிக்கிறேன். எதுக்கு ஏழுன்னு கேட்டா எனக்கும் தெரியல, சொல்லிக் குடுத்தவருக்கும் தெரியல."

"அப்பா என்ன பண்றாரு தம்பி?"

"ஜெகதாப்பட்டினத்துல லாஞ்ச்ல போறாருண்ணே."

"அப்போ இதை அவர்கிட்டயே கேட்டிருக்கலாமே!"

கிண்டல் பண்றேன்னு நெனைச்சிருப்பான். நிஜமாத்தான் சொன்னேன் மக்களே. அவங்க அப்பா படகுல ஏறினா தினமும் பாதி சிலபஸை முடிச்சுட்டுத்தான் கரைக்கு வர்றாரு. இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போறோம். (அந்த ஏழு லேயர் 1984-ல ஐ.எஸ்.ஓ. அமைப்பு வெளியிட்ட ஒரு மாதிரிப் படம். இன்னைக்கு ஓடுற இன்டர்நெட் டி.சி.பி./ஐ.பி.ங்கிற வேற வண்டியில ஓடுது. ஏழையும் மனப்பாடம் பண்ணுங்க, மார்க் இருக்கு. ஆனா அதை நெனைச்சுத் தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க.)

முதல்ல சுலபமானதை முடிச்சுடுவோம். பாக்கெட். வந்த இறால் மொத்தத்தையும் ஒரே பெட்டியில அடைச்சு யாரும் அனுப்ப மாட்டாங்க. பெட்டி பெட்டியாப் பிரிச்சு, ஐஸ் போட்டு, ஒவ்வொண்ணுலயும் அட்ரஸ் எழுதி, நம்பர் போட்டு ஏத்துவாங்க. மீமிசல்ல இருந்து அறந்தாங்கிக்கு ஒரு வண்டி ஆவுடையார்கோவில் வழியாப் போகும். அந்த ரோட்டுல மறியல்னா இன்னொண்ணு மணமேல்குடி சுத்திப் போகும். எது முன்னாடி சேர்ந்தா என்ன? நம்பர் இருக்கு, அடுக்கிக்கலாம். ஒரு பெட்டி காணோம்னா அதை மட்டும் திருப்பிக் கேட்டா போதும். அட்ரஸ் எழுதுறது ஐ.பி. வேலை. நம்பர் போட்டு எண்ணிப் பார்த்து வாங்குறது டி.சி.பி. வேலை. எந்த ரோடுன்னு முடிவு பண்றது ரௌட்டர். வின்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் 1974-ல எழுதின விஷயத்தோட அடிப்படை இதுதான்.

இனி கடலுக்குப் போவோம். சுவாரஸ்யமே அங்கதான் இருக்கு.

படகுல வி.எச்.எஃப். செட் இருக்கும். கரையில எல்லாரும் வாக்கி-டாக்கின்னுதான் சொல்வாங்க. பட்டனை அமுக்கினா பேசலாம், விட்டாத்தான் கேட்கலாம். ரெண்டும் ஒரே நேரத்துல முடியாது. இதுக்குப் பேர் ஹாஃப் டூப்ளெக்ஸ். செல்போன்ல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சண்டை போடலாம், அது ஃபுல் டூப்ளெக்ஸ். எஃப்.எம். ரேடியோ பேசிக்கிட்டே இருக்கும், நீங்க திருப்பித் திட்டினாலும் அதுக்குக் கேட்காது. அது சிம்ப்ளெக்ஸ். இந்த மூணு வார்த்தையையும் ஞாபகம் வெச்சுக்குங்க, கடைசியில உயிர்ப் பிரச்னையா வரும்.

இப்போ ஒரு படகுக்காரர் இன்னொருத்தரைக் கூப்பிடுறார். "கேக்குதா?" "கேக்குது, நான் பேசறது கேக்குதா?" "கேக்குது, சொல்லு." மூணே மூணு வாக்கியம். உங்க புத்தகத்துல இதுக்கு த்ரீ-வே ஹேண்ட்ஷேக்னு பேர். முதல் வாக்கியம் சின், ரெண்டாவது சின்-ஆக், மூணாவது ஆக். ஏன் ரெண்டு பத்தாது? ரெண்டோட நிறுத்தினா, பதில் சொன்ன ஆளுக்குத் தன் குரல் போய்ச் சேர்ந்துச்சான்னு கடைசி வரைக்கும் தெரியாது. இதைக் கேட்டதும் தம்பி டீ கிளாஸைக் கீழே வெச்சுட்டான். "அண்ணே, இது அஞ்சு மார்க் கேள்விண்ணே!"

அடுத்த தலைவலி, ஒரே சேனல்ல பத்து பேர் பேசினா? குரல் மேல குரல் ஏறி ஒண்ணும் புரியாது. நெட்வொர்க் பாஷையில கொலிஷன். இதை முதல்ல ஆராய்ச்சியா எடுத்துச் செஞ்சதும் கடல் சூழ்ந்த ஊர்லதான். ஹவாய்த் தீவுகள்ல 1971-ல நார்மன் ஆப்ரம்சன் குழு 'அலோஹா நெட்'டை ஓட்டினாங்க. தீவுக்குத் தீவு கேபிள் இழுக்காம ரேடியோவுல கம்ப்யூட்டரை இணைச்ச நெட்வொர்க். விதி ரொம்ப சிம்பிள். தோணினப்ப அனுப்பு. 'வந்துச்சு'ன்னு பதில் வரலையா, மோதிடுச்சுன்னு அர்த்தம். கொஞ்ச நேரம், அதுவும் ஆளுக்கு ஆள் வேற வேற நேரம், காத்திருந்து மறுபடி அனுப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தா இந்த முறையில சேனலோட நேரத்துல சுமார் 18 சதவீதம்தான் உருப்படியாப் பயன்படும். மிச்சமெல்லாம் மோதலும் மௌனமும். அனுப்புறதை ஒரு துண்டு நேரம் ஆரம்பிக்கிறப்ப மட்டும்தான் ஆரம்பிக்கணும்னு ஒரே ஒரு கட்டுப்பாடு போட்டாங்க. அந்த 18 அப்படியே ரெண்டு மடங்காகி 37-ஐத் தொட்டுடுச்சு! 1973-ல ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட்டை உருவாக்கினப்ப, அலோஹாவைப் படிச்சுட்டுத்தான் உருவாக்கினார். உங்க காலேஜ் லேப்ல ஓடுற நீல கேபிளுக்குப் பாட்டன் வீடு ஹவாய்.

நேரத்தைப் பிரிச்சுக்கிறது நம்ம ஊருக்கும் புதுசில்ல. பாக் நீரிணைக் கரையில விசைப்படகு வாரத்துக்கு மூணு நாள், நாட்டுப்படகு நாலு நாள்னு ஒரு ஏற்பாடு உண்டு. ஒரே நாள்ல ரெண்டும் போனா நாட்டுப்படகுக்காரர் விரிச்ச வலையை விசைப்படகோட இழுவை மடி அறுத்துட்டுப் போயிடும். அதான் ஆளுக்கு நாள். நெட்வொர்க்ல இதையே டி.டி.எம்.ஏ.ம்பாங்க. 2ஜி போன் அப்படித்தான் ஓடுது. ஒரே அலைவரிசையை எட்டு போன் துண்டு துண்டா நேரம் பிரிச்சுக்கும். தூரத்துல இருக்கிற போன் பேசறது டவருக்கு லேட்டா வந்து, பக்கத்துத் துண்டு நேரத்துல போய் மோதும். அதனால டவர், "தம்பி, நீ கொஞ்சம் முன்னாடியே ஆரம்பி"ன்னு சொல்லும். அப்படி முன்தள்ளறதுக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. அது வழக்கமான 2ஜி-யில சுமார் 35 கிலோமீட்டர் தூரத்துக்குத்தான் சரிக்கட்டும். அதுக்கு மேல போனா, சிக்னல் காத்துல மிதந்து வந்து சேர்ந்தாலும் கால் போகாது.

ஆனா 35-க்கு முன்னாடியே வேற ஒண்ணு தடுத்துடும். பூமி உருண்டை! வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய நேர்கோட்டுலதான் போகும். ஆன்டெனா எவ்வளவு உயரத்துல இருக்கோ அதைப் பொறுத்து எட்டும் தூரம். கணக்கு இதோ: உயரத்தை மீட்டர்ல எடுத்து, வர்க்கமூலம் பார்த்து, 4.12-ஆல பெருக்குங்க. கிலோமீட்டர்ல விடை வரும். படகுல ஆன்டெனா 4 மீட்டர் உயரம்னா 8 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. கரையில 25 மீட்டர் கம்பம்னா 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. கூட்டினா சுமார் 29. படகுக்கும் படகுக்கும் நடுவுல 16 சொச்சம்தான். அதுக்கப்புறம் கடலே மறைச்சுடும். ஒண்ணு கவனிச்சீங்களா? உயரத்தை நாலு மடங்காக்கினாத்தான் தூரம் ரெண்டு மடங்காகும்.

அப்புறம் எப்படி? நடுவுல நிக்கிற படகு கேட்டு, திருப்பிச் சொல்லும். "அவன் இஞ்சின் நின்னுபோச்சாம், கரைக்குச் சொல்லிடு." வாங்கி, வெச்சு, அடுத்தவனுக்குத் தள்ளுறது... ஸ்டோர் அண்ட் ஃபார்வர்ட்! ரௌட்டர் செய்ற வேலையை நடுக்கடல்ல ஒரு மனுஷன் பீடி பிடிச்சுக்கிட்டே செய்றார்.

(இடையில ஒரு சமாச்சாரம். தனுஷ்கோடி பக்கம் போனவங்க போன்ல 'இலங்கைக்கு நல்வரவு' மெசேஜ் பார்த்திருப்பீங்க. ரேடியோ அலைக்கு 1974 ஒப்பந்தம் தெரியாது.)

சரி, எல்லா டவருக்கும் எல்லா படகுக்கும் அப்பால போயிட்டா? இங்கதான் விளையாட்டு முடியுது.

2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல். கன்னியாகுமரி, திருவனந்தபுரம் பக்கத்துல இருந்து ஆழ்கடலுக்குப் போனவங்க பல நாள் தங்கல். எச்சரிக்கை வந்தப்ப அவங்க ஏற்கெனவே ரொம்ப தூரம் போயாச்சு. செய்தி கரையில இருந்துச்சு, ஆள் கடல்ல இருந்தாங்க, நடுவுல கோடு இல்லை. எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. அடுத்த வருஷம் 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறினப்ப, புதுக்கோட்டை மாவட்டமும் சேர்ந்துதான் சிதைஞ்சது. கரண்ட் போச்சு, டவர் போச்சு. அன்னைக்கு ஏழு லேயர்ல ஆறு லேயர் பத்திரமாத்தான் இருந்துச்சு. அடியில ஃபிசிக்கல் லேயர்னு ஒண்ணு சாய்ஞ்சா மேல இருக்கிறது எதுக்கும் அர்த்தமில்லை.

ஒக்கிக்கு அப்புறம், 2019 அக்டோபர்ல 'ஜெமினி'ன்னு ஒரு கருவியை மத்திய அரசு வெளியிட்டுச்சு. ககன் செயற்கைக்கோள்கள்ல இருந்து புயல் எச்சரிக்கை, அலை நிலவரம், மீன் கிடைக்கிற இடம் எல்லாத்தையும் வாங்கி ப்ளூடூத் வழியா போனுக்குத் தரும். நல்ல விஷயம். ஆனா ஒருவழி, அதாவது சிம்ப்ளெக்ஸ். படகுல இருக்கிறவர் அதுல 'சரி'ன்னுகூடப் பதில் சொல்ல முடியாது.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் இன்னொரு கருவி. இஸ்ரோ உருவாக்கின ஆபத்து எச்சரிக்கைக் கருவி, 'டாட்'னு சொல்வாங்க. 2010-ல இருந்து பயன்பாட்டுல இருக்கு. தீ, படகு முழுகுது, மருத்துவ உதவி... எதுவோ அதுக்குப் பட்டனை அமுக்கினா, படகு இருக்கிற இடத்தோட செய்தி செயற்கைக்கோள் வழியாக் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போகும்.

"அண்ணே, 15 கிலோமீட்டர்ல டவர் எட்டாத இடத்துல இருந்து 36,000 கிலோமீட்டருக்கு எப்படிண்ணே எட்டுது?" தம்பி மடக்கினான். பலே கேள்வி! ரெண்டு காரணம். ஒண்ணு, மேல பார்த்தா மறைக்கிறதுக்கு வானத்துல எதுவும் இல்லை. ரெண்டு, அனுப்புறது ரொம்பக் கொஞ்சம். எந்த வகை ஆபத்து, எந்த இடம், யார் படகு. சினிமாப் பாட்டு டவுன்லோடு பண்ணல. பிட்டைக் குறைச்சு நிதானமா அனுப்பினா, சின்ன சக்தியிலயும் இரைச்சலைத் தாண்டி அடையாளம் தெரியும். 1948-ல க்ளாட் ஷானன் போட்ட கணக்கு. தாமதம்? மேல 36,000, கீழ 36,000. ஒளி வேகத்துல போனாலும் கால் செகண்ட். கேம் ஆடுறவனுக்கு அது எரிச்சல், முழுகுற படகுக்கு அது ஒண்ணுமே இல்லை. பேண்ட்வித்துக்கும் லேட்டன்ஸிக்கும் வித்தியாசம் கேட்டா இதை எழுதுங்க.

ஆனா பழைய டாட்ல ஒரு குறை இருந்துச்சு. பட்டனை அமுக்கியாச்சு. போச்சா? போய்ச் சேர்ந்துச்சா? யாராவது பார்த்தாங்களா? தெரியாது. இஞ்சின் அறையில தண்ணி ஏறிக்கிட்டிருக்கு, கையில ஒரு பெட்டி, அது எதுவும் சொல்லாது. நிக்கிறதா, குதிக்கிறதா, இருக்கிற டீசலை வெச்சு ஓட்டிப் பார்க்கிறதா? அந்த முடிவு மொத்தமும் ஒரு பதில்ல தொங்குது.

2024 ஜனவரியில இஸ்ரோ அறிவிச்ச ரெண்டாம் தலைமுறை டாட் அதைத்தான் சரி பண்ணுது. கட்டுப்பாட்டு மையத்துல இருந்து 'கிடைச்சது'ன்னு படகுக்கே பதில் திரும்பும். மையத்துல இருந்து எச்சரிக்கையும் அனுப்பலாம். ப்ளூடூத்ல போனோட சேர்த்தா சொந்த மொழியில படிக்கலாம். இவ்வளவு வருஷம் கழிச்சுச் சேர்ந்தது என்னன்னு பார்த்தா, ஹவாய்க்காரங்க 1971-லயே தேவைன்னு கண்ட அதே ஆக். புத்தகத்துல மூணே எழுத்து, அரை வரி விளக்கம். டிசைன் பண்றவங்க செலவு பார்த்து முதல்ல வெட்டுறதும் அதையேதான்.

தம்பி கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னான், அவங்க வீட்ல ஒரு வழக்கம் இருக்காம். விடிகாலையில படகு திரும்பறப்ப, போன்ல முதல் கட்டி சிக்னல் ஏறின உடனே அப்பா ஒரு மிஸ்டு கால் குடுப்பாராம். ரெண்டே ரிங். அம்மா எடுக்க மாட்டாங்களாம், ரெண்டு ரிங் திருப்பிக் குடுத்துட்டு அடுப்பைப் பத்த வைப்பாங்களாம். கால் ஃப்ரீயாகி எத்தனையோ வருஷம் ஆச்சு, இன்னும் அதே ரெண்டு ரிங்தான்.

"அது என்ன லேயர்ல வரும்ணே?"ன்னு கேட்டான்.

அரியர் எழுதப் போற பையன் கேட்கிற கேள்வியா இது! அடுத்த டீ என் கணக்குல சொன்னேன்.