தந்தியும் குறைந்த விலைப்புள்ளியும்

டபுள் பேஸ் என்னும் பெருங்கருவிக்குத் தந்தி தேர்வது பற்றி இலக்கிய அன்பர்கள் கூடும் இடத்தில் என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். தொண்டை நாட்டில் இருந்துகொண்டு நாம் கேட்கத் தகாத கேள்வி அது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சித் தொண்டைமான் இளந்திரையனிடம் ஆற்றுப்படுத்துவது ஒரு பெரும்பாணனை. அதாவது பேரியாழ் சுமந்து வழிநடந்த ஒருவனை. அந்த ஐந்நூறு அடிகளுக்குள்ளேயே இன்னொரு கருவியும் வருகிறது. குழலூதி அலுத்த இடையன் குமிழங்கோட்டை வளைத்து, மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்துகொள்கிறான். பாணனுக்கு ஒரு நரம்பு, இடையனுக்கு வேறொரு நரம்பு. எந்தக் கைக்கு எந்த நரம்பு என்னும் கேள்வி இம்மண்ணுக்குப் புதிதன்று.

நரம்பில் குற்றம் காண்பதற்கும் நம்மிடம் இலக்கணம் இருந்தது. கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு எனக் குற்றங்கள் நான்கு. சீவகசிந்தாமணியில் காந்தருவதத்தையோடு இசைப்போருக்கு வந்த சீவகன், நீட்டிய யாழ்களை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறான். மரத்தில் குற்றம் சொல்கிறான். பிறகு நரம்பின் புரியை நெகிழ்த்து உள்ளே கிடந்த மயிரை எடுத்துக் காட்டுகிறான். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலை வாயிலுக்கு வரும் ஒவ்வோர் உதிரிப்பாகத்தையும் அளந்து பார்த்தே உள்ளே விடுகிறார்களே, அந்தச் சோதனையை நம் காப்பிய நாயகன் அரங்கின் நடுவே செய்துகாட்டினான் என்று வகுப்பில் சொன்னால், ஷிப்டு முடித்துத் தூக்கக் கண்ணோடு வரும் மாணவர்கூட நிமிர்ந்து உட்காருகிறார்.

இப்படிப்பட்ட வட்டாரத்தில், இசைக்கருவி வாங்கும்போது மட்டும் நாம் சோதனையைக் கைவிட்டு விலைப்புள்ளியைக் கையில் எடுக்கிறோம் என்பதே நம் மனக்குறை. கல்லூரிகளின் கொள்முதல் முறை நாம் அறிந்ததே: மூன்று விலைப்புள்ளிகள், அவற்றுள் குறைந்தது எதுவோ அது. அவ்வாறு வாங்கிய கருவியோடு வரும் தந்தியே அதன் ஆயுள் முழுவதற்கும் தந்தி ஆகிவிடுகிறது. வில்லை வைத்தால் சீறும், விரலை வைத்தால் வெட்டும். மூன்றே மாதத்தில் மாணவர் கிடாருக்குப் போய்விடுகிறார். கருவி மூலையில் நிற்கிறது. அவருக்கு ஆர்வமில்லை என்று நாம் குறிப்பெழுதுகிறோம்.

தந்தியில் அப்படி என்ன இருக்கிறது? டபுள் பேஸின் நான்கு தந்திகளுள் மிகத் தாழ்ந்தது நொடிக்கு 41 அதிர்வு, மிக உயர்ந்தது 98. நம் முன்னோர் மெலிவு, சமன், வலிவு என்று பகுத்த மூன்றனுள் மெலிவின் அடித்தட்டு அது. ஏறத்தாழ 105 சென்டிமீட்டர் நீளத்தில் அவ்வளவு தாழ்ந்த ஒலி பிறக்கத் தந்தி கனக்க வேண்டும். வெறுங்கம்பியைத் தடிப்பாக்கினால் அது விறைத்துக் கடப்பாரையாகும்; வில்லுக்குப் பிடி கொடுக்காது. ஆகவே உள்ளே நெகிழ்வான கரு, மேலே உலோகச் சுற்று. ஒரு காலத்தில் கரு விலங்குக் குடலால் ஆனது. நரம்பு என்ற சொல் அதற்கே முழுதும் பொருந்தும். இன்று பெரும்பாலும் மெல்லிய எஃகிழைகளைக் கயிறாகத் திரித்த கரு. ஒரகடத்தில் உருளும் லாரிகளின் ரேடியல் டயருக்குள் கிடக்கும் எஃகுக் கயிற்றுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி. செயற்கை இழைக் கருவும் உண்டு.

சேர்ந்திசைக்கு வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது உறையின் மேல் ஆர்க்கெஸ்ட்ரா என்றிருக்கிறதா, சோலோ என்றிருக்கிறதா என்பதை. தனியிசைக்கான தந்தி ஒரு முழுச்சுரம் உயர்த்திச் சுருதி கூட்டுவதற்கென மெலிதாகச் செய்யப்பட்டது. அதைச் சேர்ந்திசைச் சுருதிக்குத் தளர்த்தினால் சோர்ந்துபோகும். அடுத்தது, வில்லா விரலா? வியன்னாவின் தோமாஸ்டிக் நிறுவனத்து ஸ்பைரோகோர் விரலால் மீட்ட நெடுநேரம் ஒலிக்கும். ஜாஸ் கலைஞர்கள் அதைக் கொண்டாடுவது அதனால்தான். புதிதாக இருக்கும்போது வில்லுக்குக் கீழே அது முரண்டு பிடிக்கும். ஜெர்மனியின் பிராஸ்ட்ரோ செய்யும் ஃபிளெக்சோகோர், அமெரிக்க டடாரியோவின் ஹெலிகோர் ஆர்க்கெஸ்ட்ரல் ஆகியவை வில்லுக்கு இணங்குபவை, பிற கருவிகளோடு கரைந்து போகக்கூடியவை. கற்கும் மாணவர் குழுவுக்கு இவ்விரண்டில் ஒன்றே தகும் என்பது நம் துணிபு. குடல் நரம்பின் இனிமை பெரிது. ஆனால் பாலாற்றங்கரையின் ஐப்பசி ஈரத்திலும் சித்திரை வெயிலிலும் அதன் சுருதியைக் காப்பது நாள்முழுவதும் செய்யும் ஊழியம்.

விறைப்பு மிகுந்தால் ஒலி மிகும் என்பது பரவலான மயக்கம். நம் கல்லூரிகளுக்கு வருபவை பெரும்பாலும் ஒட்டுப்பலகைக் கருவிகள். நான்கு தந்திகளும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. மட்டமான கருவி அந்த இழுப்பில் மூச்சுத் திணறும். நடுத்தரமானதை, அல்லது அதனினும் மென்மையானதைக் கேட்டு வாங்கலாம்.

விசைப்பலகையில் ஒரு பொத்தானை அழுத்தினால் இதே ஒலி வருமே என்பார் உளர். வரும். திரையிசைக் கூடங்கள் அவ்வழியே சென்றன. ஆனால் இளையராஜா 2005-இல் திருவாசகத்தைச் சேர்ந்திசையாக்கியபோது புடாபெஸ்ட் இசைக்குழுவை நாடினார். 2025 மார்ச் 8-ஆம் நாள் அவருடைய முதல் சிம்பொனி இலண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் குழுவின் கைகளில் அரங்கேறியது. பண்ணைப்புரத்துக்காரரின் மனத்தில் எழுந்த தாழ்சுரத்தை வில்லால் இழுக்க இங்கு ஆளில்லாத நிலைக்குப் பொத்தான் விடையாகாது. ஏ.ஆர். ரகுமான் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியும், வறிய குடும்பத்துப் பிள்ளைகளைக் கொண்டு அங்கு உருவான சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ராவும் இங்கும் ஆள் உருவாக்கலாம் என்று காட்டியுள்ளன. சென்னைக்கு மேற்கே நாற்பது கிலோமீட்டரில் அது ஏன் கூடாது?

பணம் இல்லை என்று சொல்வதற்கில்லை. 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. கலையும் பண்பாடும் அப்பணிகளின் பட்டியலில் உண்டு. வல்லம் வடகாலில் இருந்து புறப்படும் யமஹா மோட்டார் சைக்கிளின் முத்திரையைக் கவனித்திருக்கிறீர்களா? ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த மூன்று இசைக்கவைகள்! 1887-இல் ஓர் ஆர்மோனியத்தைப் பழுது பார்த்ததில் தொடங்கிய குலம் அது. கருவி வழங்கும் விழாவுக்கு நிறுவனங்கள் வருகின்றன, படம் எடுத்துக்கொள்கின்றன. தந்தி என்பதோ ஓரிரு ஆண்டுக்கொருமுறை திரும்பத் திரும்ப வரும் செலவு. நல்ல தொகுதி ஒன்று இருபதாயிரம் ரூபாய்க்கு மேலும் போகும். அதற்கு விழா எடுக்க முடியாது. ஆகவே கேட்கும்போதே ஐந்தாண்டுத் தந்திச் செலவையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தேர்வுக் குழுவில் வில் பிடிக்கத் தெரிந்த ஒருவராவது அமர வேண்டும். அவர் ஒப்பாத விலைப்புள்ளி எவ்வளவு குறைந்ததாயினும் செல்லாது.

புதிய தொகுதி வந்தபின் நான்கையும் ஒருசேரக் கழற்றிவிடாதீர்கள். உள்ளே நிற்கும் சிறு மரத்தூண் ஒட்டப்படாதது, அழுத்தத்தால் மட்டுமே நிற்பது. மேலே குதிரையும் அப்படியே. ஒன்றைக் கழற்றி, ஒன்றைப் பூட்டி, சுருதி கூட்டிய பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். கழற்றிய பழைய தந்திகளைத் துடைத்து, சுருட்டி, கருவிப் பைக்குள்ளேயே வைத்திருங்கள்; நிகழ்ச்சி நாளில் ஒன்று அறுந்தால் இங்கே கடையில் கிடைக்காது.