கைமாற்றுச் சாமானும் கணக்குக் கொப்பியும்



பால்மாவுக்காகக் கடை கடையாய் அலைந்த 2021ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்நாட்களில் நடந்த ஒரு விடயத்தைச் சொல்லி ஒரு சகோதரி என்னிடம் விளக்கம் கேட்டார். அவருடைய கணவருக்கு ஒரு பலசரக்குக் கடை. கணவரின் தம்பிக்கு அடுத்த தெருவில் இன்னொன்று. அண்ணனிடம் பால்மா முடிந்தபோது தம்பி தன் கடையிலிருந்து 20 பைக்கற்றுகளைக் கொடுத்தார். 400 கிராம் பைக்கற்று அப்போது 380 ரூபாய். ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதும் 480 ரூபாயானது. அண்ணன் 7,600 ரூபாயை நீட்டினார். "காசு வேண்டாம் நானா, சாமானைத் தாருங்கள்" என்றார் தம்பி. அன்றிலிருந்து இரு வீட்டுப் பெண்களும் பேசிக்கொள்வதில்லையாம்!

தம்பி கேட்டதே சரி. அவர் விற்கவில்லை, கர்ழ் எனும் கடனாகக் கொடுத்தார். இத்தகைய பொருளைக் கடனாகப் பெற்றால், விலை ஏறினாலும் இறங்கினாலும் அதே வகையில் அதே அளவையே திருப்பிக் கொடுக்க வேண்டும். விலை இறங்கியிருந்தால் தம்பியும் அதே 20 பைக்கற்றுகளோடு திருப்தியடைய வேண்டியதுதான். பொருள் சந்தையிலேயே இல்லையென்றால்தான் பெறுமதியைப் பற்றிப் பேசலாம். ஆனால், "20 தருகிறேன், 25 ஆகத் தா" என்று முன்கூட்டியே நிபந்தனையிட்டால் அது ரிபா. நிபந்தனையின்றி மனமுவந்து சிறப்பாகத் திருப்பிக் கொடுப்பது வேறு. இளம் ஒட்டகமொன்றைக் கடன் பெற்ற நபி (ஸல்) அவர்கள் அதைவிடச் சிறந்த ஒட்டகத்தையே கொடுத்தார்கள்.

தட்டுப்பாட்டில் கடைகள் சரக்கை மாற்றிக்கொள்வது நல்ல வழக்கமே. ஓரிடத்தில் தேங்கிக் காலாவதியாகும் சாமான் மற்றோரிடத்தில் இல்லாதிருக்கும். அஷ்அரீ கோத்திரத்தார் உணவு குறைந்தால் இருப்பதையெல்லாம் ஒரே துணியில் சேர்த்துச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். அதை நபியவர்கள் பாராட்டினார்கள்.

கொடுத்த நாள், எண்ணிக்கை, காலாவதித் திகதி மூன்றையும் எழுதிவிடுங்கள். ஆறு மாதத் தவணையுள்ள பைக்கற்றை வாங்கிவிட்டு, அடுத்த வாரம் காலாவதியாவதைக் கொடுப்பது கடனை அடைத்ததாகாது. கடனை எழுதிக்கொள்ளும்படி அல்-பகராவின் 282ஆம் வசனம் நமக்குக் கூறுகிறது. சொந்தக்காரரிடம் எழுதக் கேட்பது வெட்கமாம்! பல வீடுகளில் கொப்பி உங்கள் கையில்தானே இருக்கிறது?

அந்தச் சகோதரியிடம், "யார் எழுதி வைத்தது?" என்று கேட்டேன். யாருமில்லை. இவர்கள் 20 என்கிறார்கள், தம்பி வீட்டார் 24 என்கிறார்கள். 24 என்பவர் ஆதாரம் காட்ட வேண்டும், இல்லையேல் 20 என்பவர் சத்தியம் செய்ய வேண்டும் என்பது சட்டம். உடன்பிறந்தவர்களை அதுவரை கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. இரு தரப்பும் பொருந்திக்கொண்டு 22இல் முடிக்கச் சொன்னேன். பைக்கற்றுகளை அந்தச் சகோதரியே கொண்டுபோய்க் கொடுக்கவும் சொன்னேன்.