நாலு சுற்றில் நின்ற நட்டு

கார் சமாசாரமெல்லாம் ஆம்பிளைங்க பாடு என்று போன மாதம் வரை நானும் இருந்தவள்தான்.

எங்கள் வீட்டில் பழைய மாருதி 800 ஒன்று உண்டு. பின் சக்கரங்கள் கொஞ்சம் வெளியே தள்ளி நின்றால் ஜோராக இருக்குமென்று, என் பிள்ளையாண்டான் ஏதோ ஒரு கடையில் 10 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு அலுமினிய வளையம் வாங்கி மாட்டிவிட்டான். ஸ்பேசர் என்று பெயராம்.

அந்த வாரம் மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். பேத்திக்குத் தடுப்பூசி போட்டுத் திரும்பும்போது பின்பக்கம் 'டக் டக்' என்று சத்தம். "வண்டிய நிறுத்துடா" என்றேன். "ஒண்ணுமில்லம்மா, ரோடு அப்படி" என்றான். விடுவேனா? தெருமுனை மெக்கானிக்கிடம் உருட்டிக்கொண்டே போனோம். அவர் நட்டுகளைத் தொட்டார். இரண்டு, கையாலேயே சுற்றின!

"அக்கா, பாப்பா இந்த வண்டியிலயா வந்துச்சு?" என்றார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

பிறகுதான் விளக்கினார். சக்கரத்தைப் பிடித்திருப்பது ஹப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் நாலு ஸ்டட்டுகள். ஸ்டட் என்ன கனமோ, குறைந்தது அந்த அளவுக்காவது நட்டு மரையில் ஏறவேண்டும். எங்கள் வண்டி ஸ்டட் 12 மில்லி. மரைக்கு மரை 1.25 மில்லி. அப்படியென்றால் சுமார் பத்து சுற்று. வளையம் நடுவில் புகுந்து எட்டு மரையை விழுங்கிவிட, மிச்சம் நாலே சுற்று! ஊறுகாய் ஜாடி மூடி அரைச் சுற்றில் நின்றால் நாம் தூக்குவோமா?

ஸ்பேசர் போட்டே தீரவேண்டுமென்றால் நீளமான ஸ்டட் மாற்றவேண்டுமாம். அதன் அடியில் இருக்கும் பல்வெட்டு ஹப் ஓட்டைக்குச் சரியாக இருக்கவேண்டும். சுத்தியலால் அடிக்காமல் பிரஸ்ஸில் வைத்து ஏற்றவேண்டும். நட்டும் அதே மரையாக வேண்டும். கடையில் 1.5 மரையும் கிடைக்கும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கையால் சுற்றும்போது இரண்டு மூன்று சுற்றிலேயே இறுகினால் அது வேறு மரை. ஸ்பேனரால் முறுக்கினீர்களோ, மரை அறுந்துவிடும். நட்டின் வாய் கூம்பா தட்டையா என்பதும் ரிம்முக்குப் பொருந்தவேண்டும். வளையத்தின் நடு ஓட்டை ஹப்பில் கச்சிதமாக உட்காராவிட்டால் வண்டி அதிரும்.

தனக்கென்றே ஸ்டட் வைத்த கனமான ஸ்பேசரும் உண்டு. அதில் பழைய ஸ்டட்டின் நுனி வெளியே துருத்தி ரிம்மில் இடிக்கக்கூடாது.

எதுவானாலும் நட்டுகளை எதிரெதிராக, வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கி, 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்க்கவேண்டும். பஞ்சர் ஒட்டிச் சக்கரம் மாட்டினாலும் இதே விதிதான் சகோதரிகளே, அதனால்தான் இத்தனை எழுதுகிறேன்.

"எல்லாம் சரியாப் போட்டாலும், சக்கரம் தள்ளி நின்னா பேரிங்குக்குப் பாரம் கூடும்க்கா" என்றார் மெக்கானிக். பிள்ளை தலையைச் சொறிந்தான். "கழட்டிடுங்கண்ணே" என்று அவனே சொன்னான். மரை நசுங்கிய மூன்று ஸ்டட்டை மட்டும் மாற்றினோம்.

அந்த இரண்டு வளையமும் இப்போது என் சமையல் மேடையில் பிரிமணை. ரசப் பாத்திரம் அசையாமல் உட்காருகிறது.