அகதி விண்ணப்பத்திற்கும் நினைவு மலருக்கும் இடையே

புலம்பெயர்ந்து வாழும் எமது பெற்றோர் பலரின் வாழ்க்கை வரலாறு இரண்டு தடவைகள் மட்டுமே எழுதப்படுகின்றது. முதலாவது தடவை, அவர்கள் ஓர் அந்நிய நாட்டில் வந்திறங்கித் தஞ்சம் கோரிய போது. இரண்டாவது தடவை, அவர்கள் காலமாகி 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியையின் போது உறவினர்களுக்கு வழங்கப்படும் நினைவு மலரில்.

முதலாவதை அவர்கள் வாய்மொழியாகச் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேற்று மொழிக்கு மாற்ற, சட்டத்தரணி ஒருவர் சட்டத்தின் தேவைக்கேற்ப ஒழுங்குபடுத்தினார். இரண்டாவதை மகனோ, மருமகனோ, ஊர்ச் சங்கத்தைச் சேர்ந்த ஒருவரோ எழுதுகின்றார். யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர் அதனை வாசிக்கப் போவதில்லை. முதலாவதில் அவர் பாதிக்கப்பட்ட ஒருவர். இரண்டாவதில் குறையேதுமற்ற குணசீலர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட முப்பது, நாற்பது ஆண்டுகள் எந்தத் தாளிலும் இல்லை. உணவகத்தில் பாத்திரம் கழுவிய இரவுகள், சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம், தம்பியை வெளிநாட்டுக்கு எடுப்பதற்காகப் பட்ட கடன், சொந்தப் பிள்ளையோடு மனம்விட்டுப் பேச மொழி போதாமல் தவித்த பொழுதுகள் ஆகியவை எங்கும் பதியப்படவில்லை. தொழில் நிமித்தம் வந்து குடியேறிய தமிழரின் நிலையும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. அவர்களது வரலாறு வேலை விண்ணப்பத்தோடு நின்று விடுகின்றது.

புலம்பெயர் தமிழர் மத்தியில் கவிதைக்கும் சிறுகதைக்கும் குறைவில்லை. நல்ல நாவல்களும் வந்துள்ளன. ஆனால் தன்வரலாறும், நேர்மையான வாழ்க்கை வரலாறும் மிகக் குறைவாகவே உள்ளன. இன்று எமது சமூகத்திற்கு மிக அவசரமாகத் தேவைப்படுவது இவ்விரு வகை நூல்களே என்பதும், அவற்றை எழுதும் பொறுப்பு எழுத்தாளர்களுக்கு மட்டும் உரியதன்று, ஒவ்வொரு குடும்பத்திற்கும் உரியது என்பதுமே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

நினைவு மலரின் எல்லை

நினைவு மலரைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று. யாழ்ப்பாணத்தில் அதனைக் கல்வெட்டு என்று அழைத்தனர். இறந்தவரின் திதியைச் சொல்லும் வெண்பா, குலமும் ஊரும் கூறும் செய்யுள், மனைவி மக்கள் புலம்பல், தேவார திருவாசகங்கள் என்று அதற்கென ஓர் அமைப்பே உண்டு. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் இணையத் திட்டம் இத்தகைய மலர்களைத் தேடிச் சேர்த்து வருகின்றது. குடும்ப வரலாற்றையும் ஊர் வரலாற்றையும் ஆராய்வோருக்கு அவை அரிய சான்றுகள். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ். பொது நூலகத்தை நெருப்புக்குப் பறிகொடுத்த ஒரு சமூகம் எந்தத் தாளையும் அலட்சியம் செய்ய இயலாது.

ஆயினும் அந்த மலரால் செய்ய முடியாத ஒன்று உண்டு. அதனால் உண்மை முழுவதையும் சொல்ல முடியாது. துக்க வீட்டில் யாரும் குறை பேசுவதில்லை, பேசவும் கூடாது. ஆகவே அப்பப்பா அண்ணனோடு காணிப் பிரச்சினையில் இருபது ஆண்டுகள் பேசாதிருந்தார் என்பது அதில் இராது. அம்மம்மாவின் படிப்பு எட்டாம் வகுப்போடு ஏன் நிறுத்தப்பட்டது என்பது இராது. வீட்டுக் கிணற்றில் யார் அள்ளலாம், யார் அள்ளக் கூடாது என்றிருந்த வழக்கமும் இராது. ஆனால் எமது பிள்ளைகள் அறிய விரும்புவது இவற்றைத்தான். குறையற்ற மனிதரைப் பிள்ளைகள் வணங்கலாம். அவரிடமிருந்து தமது வாழ்வுக்கென ஒன்றைப் பெற்றுக்கொள்வது கடினம்.

84 வயதில் எழுதத் தொடங்கியவர்

தமிழில் இதற்கு முன்மாதிரி இல்லையா? உண்டு. புதுச்சேரியில் துபாசியாகப் பணியாற்றிய ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் 1761இல் தாம் மறையும் காலம் வரை நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சு ஆளுநர்களின் அரசியலை மட்டுமன்றிக் கப்பல் வருகையையும், வணிகத்தையும், கடைத்தெருப் பேச்சையும் இன்று நாம் அறிய அது வழி செய்கின்றது.

அதனினும் எமக்கு நெருக்கமான முன்மாதிரி உ.வே. சாமிநாதையர். அவர் எழுதிய இரு நூல்களை அடுத்தடுத்து வாசித்தல் நன்று. ஒன்று, தமது ஆசிரியரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றி 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்ட வாழ்க்கை வரலாறு. மற்றையது, தமது 84ஆம் வயதில், 1940இல், ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கிய 'என் சரித்திரம்'. 1942இல் அவர் காலமானதால் அது முற்றுப் பெறவில்லை. 1950இல் நூலாக வந்தது.

ஆசிரியர் மறைந்தது 1876இல். அவரது வரலாறு வெளிவந்தபோது அரை நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது. அதற்குள் அவரை நேரில் அறிந்தோர் பலரும் மறைந்து விட்டனர். மாணவர் எழுதாமல் விட்டிருந்தால் பிள்ளையவர்களின் செய்யுள் நூல்கள் எஞ்சியிருக்கும். அவர் எவ்வாறு பாடம் சொன்னார், மாணவரை எவ்வாறு நடத்தினார், எத்தகைய பொருள் முட்டுப்பாட்டில் வாழ்ந்தார் என்பவை எஞ்சியிரா.

'என் சரித்திர'த்தின் பெருமை அதன் வெளிப்படைத் தன்மையில் உள்ளது. பிள்ளையின் தமிழ்ப் படிப்புக்காக அரியலூர், குன்னம் என்று ஊர்விட்டு ஊர் மாறிய தந்தையை அதில் காண்கின்றோம். பிள்ளையின் கல்விக்காக நாடு மாறிய பெற்றோருக்கு அது அந்நியமான கதையன்று. கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் தாம் கற்று வந்த சங்கீதத்தை, ஆசிரியர் விரும்பாத காரணத்தால் கைவிட நேர்ந்ததையும் அவர் எழுதியுள்ளார். தெய்வமாகப் போற்றிய ஆசிரியரைப் பற்றியே அதனை எழுத அவர் தயங்கவில்லை. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் என்ற முன்சீப், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டபோது, அத்தனை நூல்களைக் கற்றிருந்தும் தாம் அதனைப் படித்திருக்கவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. அந்த நாளிலிருந்தே 1887இன் சிந்தாமணிப் பதிப்பும் அதற்குப் பின் வந்த பதிப்புகளும் பிறந்தன. நினைவு மலர் எழுதுபவரின் கையில் அந்நிகழ்ச்சி கிடைத்திருந்தால் அது நீக்கப்பட்டிருக்கும்.

ஈழத்திலிருந்து ஒரு நூலைச் சுட்டுவதாயின், 'மல்லிகை' ஆசிரியர் டொமினிக் ஜீவாவின் 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்' என்ற தன்வரலாற்றைச் சுட்டலாம். யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்த ஒருவர், சாதியின் பெயரால் பட்ட அவமானங்களையும், ஓர் இலக்கிய இதழைத் தோளில் சுமந்து விற்று வளர்த்த கதையையும் தம் வாயாலேயே சொல்கின்றார். ஊரின் பெருமையை மட்டும் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு, அதே ஊர் ஒருவரை எவ்வாறு நடத்தியது என்பதும் தெரிய வேண்டும். தெரிந்த பின்னும் அவர்கள் அந்த ஊரை நேசிப்பார்களாயின், அந்த நேசமே நிலைக்கும்.

நாவல் போதாதா?

நாவல் இப்பணியைச் செய்கின்றதே என்று கேட்கலாம். ஓரளவுக்குச் செய்கின்றது. ஷோபாசக்தியின் 'கொரில்லா' 2001இல் வந்தபோது, அகதி விண்ணப்பக் கடிதத்தின் வடிவத்தையே கதைக்குள் எடுத்தாண்டது. அ. முத்துலிங்கம் தமது வாழ்க்கையை ஒட்டி எழுதிய நாவலுக்கு 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்' என்று பெயரிட்டார். எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை என்று கேட்க வேண்டாம் என அத்தலைப்பே சொல்லி விடுகின்றது. அது நாவலாசிரியரின் உரிமை. ஆனால் பேரப்பிள்ளைக்கு அந்தக் கணக்குத் தேவைப்படும் நாள் ஒன்று வரும்.

இன்னொரு செய்தியையும் கவனித்தல் வேண்டும். எமது அடுத்த தலைமுறை ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கி விட்டது. அனுக் அருட்பிரகாசத்தின் 'எ பாசேஜ் நோர்த்' 2021இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. அந்த ஆங்கில நாவலில் பாட்டியின் பெயர் 'அப்பம்மா' என்றே வருகின்றது. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த வி.வி. கணேசானந்தன், 1980களின் யாழ்ப்பாணத்தை ஒரு மருத்துவ மாணவியின் கண்களால் எழுதிய 'பிரதர்லெஸ் நைட்' நாவலுக்கு 2024இல் மகளிர் புனைகதைப் பரிசு கிடைத்தது. அதில் வரும் உடற்கூற்றியல் விரிவுரையாளர், 1989இல் கொல்லப்பட்ட ராஜினி திராணகமவை நினைவூட்டுபவர். ராஜினி உள்ளிட்ட நான்கு பல்கலைக்கழக ஆசிரியர்கள் எழுதி 1990இல் வெளிவந்த 'முறிந்த பனை' போன்ற சாட்சியங்கள் இருந்தமையால்தான், தாம் வாழாத ஒரு காலத்தை ஒரு நாவலாசிரியரால் பின்னாளில் மீளக் கட்ட முடிந்தது.

இதிலிருந்து பெற வேண்டிய பாடம் தெளிவானது. நல்ல நாவல் வெறுங்கையால் முழம் போடுவதில்லை. அதற்கு முன்னர் யாரோ ஒருவர் கண்டதைக் கண்டபடி எழுதி வைத்திருக்க வேண்டும், அல்லது சொல்லியிருக்க வேண்டும். இன்று நாம் எழுதாமல் விட்டால், நாளை எமது பிள்ளைகள் எமது கதையைப் பிறர் தயாரித்த அறிக்கைகளிலிருந்தும் பழைய செய்தித்தாள்களிலிருந்தும்தான் எடுக்க வேண்டியிருக்கும். அங்கே எமக்கு எண்ணிக்கை இருக்கும்; முகம் இராது.

ஏன் எழுதுவதில்லை?

பெற்றோர் கூறும் முதலாவது காரணம், "எழுதுமளவுக்கு என்ன சாதித்து விட்டேன்" என்பது. தன்வரலாறு சாதனையாளருக்கு உரியது என்ற எண்ணமே தவறு. நள்ளிரவில் பனிமலையைத் தாண்டி எல்லை கடந்தவரும், மூன்று நாடுகளின் தடுப்பு முகாம்களைக் கண்டவரும், மொழி தெரியாத ஊரில் தனியே பிள்ளை பெற்றவரும் தம்மைச் சாதாரணர் என்றே கருதுகின்றனர்.

இரண்டாவது காரணம் அச்சம். ஊரில் இருப்போருக்குத் தீங்கு வருமோ, பழைய விண்ணப்பத்தோடு முரண்படுமோ என்ற தயக்கம் நியாயமானதே. அதற்கு வழி எழுதாமல் விடுவதன்று; எழுதியதை வெளியிடாமல் வைத்திருப்பது. எழுதுவதும் வெளியிடுவதும் இருவேறு செயல்கள். வீட்டுப் பெட்டகத்தில் இருபது ஆண்டுகள் இருக்கட்டும். பெயர்களை மாற்றி எழுதுங்கள்; பிறருடைய இரகசியத்தை அவரது அனுமதியின்றிப் பகிராதீர்கள்.

மூன்றாவது காரணத்தை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அது வெட்கம். மருத்துவராகவோ ஆசிரியராகவோ இருந்தவர் இங்கு வந்து துப்புரவுப் பணி செய்ததைப் பிள்ளைகள் அறிய வேண்டாம் என நினைக்கின்றார். பிள்ளைகளோ, அப்பா ஏன் எப்போதும் களைத்திருந்தார், ஏன் சிறு விடயத்திற்கும் சினந்தார் என்று விளங்காமலே வளர்ந்து விடுகின்றனர். அந்த வினாவுக்குரிய விடை தந்தையிடம் மட்டுமே இருக்கின்றது. அவரோடு அது போய்விடக் கூடாது.

இளையோருக்கு

இப்பணியில் பாதி உங்களுடையது. "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் அம்மா சிரித்து விட்டுச் சமையலறைக்குப் போய்விடுவார். சிறிய கேள்விகளைக் கேளுங்கள். எந்த விளக்கில் படித்தீர்கள்? முதற் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்? ஊரை விட்டுப் புறப்பட்ட அன்று பையில் என்ன இருந்தது? பயணக் காசை யார் தந்தது, எப்போது திருப்பிக் கொடுத்தீர்கள்? வந்த முதல் மாரிகாலத்தில் யாருடைய குளிரங்கியை அணிந்தீர்கள்? ஒரு பழைய நிழற்படத்தை எடுத்து வைத்து, அதிலுள்ள ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டு அதன் பின்புறம் எழுதுங்கள்.

தமிழ் எழுத வராது என்று பின்வாங்க வேண்டாம். அவர்கள் தமிழில் சொல்லட்டும். கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். பின்னர் இருவரும் சேர்ந்து எழுதுங்கள். தமிழ்ப் பிரதியே மூலமாக இருத்தல் வேண்டும். 'முற்றம்', 'படலை', 'சங்கக்கடை' போன்ற சொற்களோடு வரும் நினைவு, வேற்று மொழியில் சொல்லும் போது பாதியாகி விடும். நீங்கள் வாழும் நாட்டின் மொழிக்கு அதனை மாற்றும் வேலையைப் பின்னர் செய்யலாம். ஒரு மொழியைக் கற்க, தாயின் கதையைத் தாயின் வாயிலிருந்து எழுதுவதை விடச் சிறந்த பாடநூல் இல்லை.

தமிழ்ப் பாடசாலைகளும் ஊர்ச் சங்கங்களும் இதற்குத் துணை நிற்கலாம். பேச்சுப் போட்டிக்கும் கவிதைப் போட்டிக்கும் பரிசு வழங்கும் அமைப்புகள், தாத்தா பாட்டியின் வாழ்க்கையைப் பத்துப் பக்கத்தில் எழுதும் மாணவருக்கும் ஒரு பரிசை ஒதுக்கட்டும். வயது முதிர்ந்தோர் ஒன்றுகூடும் நாட்களில், வாரம் ஒரு பக்கம் எழுதி வாசிக்கும் வழக்கத்தைத் தொடங்கட்டும்.

1983க்குப் பின்னர் இளைஞராக வந்து சேர்ந்தோர் இன்று அறுபதைக் கடந்து விட்டனர். உ.வே.சா.வுக்கு 84 வயதில் நினைவு தெளிவாக இருந்தது. அந்தப் பேறு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆகவே பெற்றோரே, இந்த வாரம் ஒரு கொப்பியை வாங்குங்கள். முதற் பக்கத்தில் நீங்கள் பிறந்த வீட்டின் வாசல் எந்தத் திசையை நோக்கியிருந்தது என்று எழுதுங்கள். மிகுதி தானாக வரும். 31ஆம் நாள் மலரைப் பிள்ளைகள் எழுதட்டும். அதற்கு முந்திய பக்கங்களை நீங்களே எழுதுங்கள்.